டொய்ங்!

போன வாரம் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். நான் வைத்திருக்கும் அதே ரெண்டு சீட்டர் கார், அதே 2014 மாடல், கொச்சியில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "மாப்ளே, வாங்கலாமாடா?" என்றான். எத்தனை குதிரைசக்தி, நூறைத் தொட எத்தனை நொடி என்பதெல்லாம் அவனுக்கே மனப்பாடம். நான் சொல்ல வேண்டியது ஒரு சத்தத்தைப் பற்றி மட்டும்தான். கம்பெனி பெயரைச் சொல்லி வம்பு இழுக்கவில்லை. காரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2019-ல் வாங்கியபோது 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது 58,000. அதில் பாதிக்கு மேல் கோவை - வால்பாறை. விடியலில் கிளம்பி ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் மூக்கு லேசு. வளைவுக்குள் திருப்பினால் கேள்வி கேட்காமல் நுழையும். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தி, அணையைப் பார்த்துக்கொண்டு பிளாஸ்க் டீ குடித்துவிட்டு, வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். அப்போதுதான் முதல்முறை கேட்டது. டொய்ங்! தம்புராவின் தந்தியை யாரோ சுண்டிவிட்ட மாதிரி.

அடுத்த சில மாதங்களில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சின்ன வேகத்தடையில், பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 'டொக்'. பெரிய பள்ளத்தில் இறங்கினால் சத்தமே வராது. இதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் சஸ்பென்ஷனின் லிங்க் ராடை மாற்றினார்கள். இன்னொன்றில் லோயர் ஆர்மை மாற்றினார்கள். 70,000 ரூபாய் போனது, சத்தம் போகவில்லை. மூன்றாவது இடத்தில் ரெண்டு பக்கமும் ஸ்ட்ரட்டை, அதாவது சக்கரத்துக்கு மேல் நிற்கும் ஸ்பிரிங் தூணை, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று 2.8 லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். ஏசி அறை, காபி எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கத்தான் ஆளில்லை.

கடைசியில் கோவை கணபதி பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். ஜாக்கி கூடப் போடவில்லை. முன் டிக்கியைத் திறந்து, ஓரத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, அடியில் தெரிந்த, ஸ்ட்ரட்டின் தலையைப் பிடித்திருக்கும் மவுண்ட் மேல் ரெண்டு விரலை வைத்தார். "மெதுவா ஒடிங்க" என்றார். ஒடித்தேன். "இப்ப நீங்க இங்க வந்து விரலை வைங்க" என்று கடைப் பையனை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் விரலுக்கடியில் ஏதோ இறுகி இறுகி, படக்கென்று எகிறியது. கூடவே டொய்ங். "சத்தம் கீழ இல்லீங்க, மேல தானுங்க" என்றார்.

இந்தக் காரில் இருப்பது மக்பெர்சன் ஸ்ட்ரட். அதில் ஸ்பிரிங்கும், அதன் குலுக்கலை அடக்கும் டாம்பரும் ஒரே தூண். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூணே திரும்பும். தூணின் தலையையும் பாடியையும் இணைப்பது மேல் மவுண்ட். அதன் ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளும், பேரிங் தூணைச் சுழல விடும். பேரிங் இறுகினால் ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்க முடியாதபோது விடுபடும், அதுதான் டொய்ங். ரப்பர் தளர்ந்தால் சின்ன அடிக்கு டாம்பர் அசையும் முன்பே அதன் ராடு மவுண்டுக்குள் ஆடும், அதுதான் டொக். மஸ்டா மியாட்டா மாதிரி, சக்கரத்தை மேலும் கீழும் ரெண்டு கைகள் பிடித்திருக்கும் டபுள் விஷ்போன் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த டொய்ங் தெரியாது. அங்கே ஸ்டியரிங்கோடு தூண் திரும்புவதில்லை. புண்ணியவான்கள்.

கழற்றிப் பார்த்தபோது ரப்பரில் வட்டமாக வெடிப்பு, நடுப்பகுதி அமுங்கியிருந்தது. பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றினேன். அம்மியில் மண் அரைபடுகிற சத்தம். பையன் நட்டைக் கழற்ற இம்பாக்ட் கன்னை எடுத்தபோது பெரியவர் ஒரு அதட்டல் போட்டார்: "அதைப் போட்டா ராடு சேர்ந்து சுத்தும், உள்ள சீல் போயிருமடா." ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு, ரிங் ஸ்பேனரால் கையாலேயே கழற்றினார்கள். ரெண்டு மவுண்ட், ரெண்டு பேரிங், பம்ப் ஸ்டாப், புது நட்டு, கூலி எல்லாம் சேர்த்து 62,000.

சத்தம் நிற்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பாராதது ஸ்டியரிங். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் சக்கரம் தானாக நேருக்கு வந்தது. ரெண்டு வருஷமாக நான்தான் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன், தெரியாமலே! 'இந்த ஸ்டியரிங்கின் கனம் மாதிரி வராது' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அந்தக் கனம் செத்துப்போன பேரிங்கின் கனம்.

நியாயமாகப் பார்த்தால் இதோடு ஐந்து ஸ்டார் கொடுத்து முடித்திருக்க வேண்டும். ஆனால் நான்காம் நாள் இடது பக்கம் மறுபடி டொய்ங். ஸ்பிரிங்கின் வால் கீழ்த்தட்டின் படியில் உட்காராமல் விரலளவு தள்ளி இருந்திருக்கிறது. மறுபடி கழற்றி மாட்டியாயிற்று. பெரியவர் கூலி வாங்கவில்லை. ஆனால் மவுண்டின் மூன்று போல்ட்டும் உட்காரும் ஓட்டை நீளவாட்டம். பழைய இடத்தைக் குறிக்காமல் கழற்றியதில் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறி, டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) போய், அலைன்மென்ட் இதுவரை மூன்று தடவை. மூன்றாவது பில் இன்று காலைதான் கட்டினேன்.

ஆக, மாப்ளே, கொச்சி வண்டியைப் பார்க்கப் போனால் முன் டிக்கியைத் திற, மூடியைக் கழற்று, விரலை வை, யாரையாவது ஒடிக்கச் சொல். எகிறினால் விலையில் 60,000 குறைத்துக் கேள். எகிறாவிட்டாலும் என் பதில், வாங்காதே. இது கடுப்பில் வருகிற பதில்தான். ஞாயிற்றுக்கிழமை வால்பாறை போகிறேன், திரும்பி வந்த பிறகு கேட்டால் நிச்சயம் வேறு மாதிரி சொல்வேன். அதனால் சனிக்கிழமைக்குள் முடிவு பண்ணிக்கொள்.