இலவச 'கேம்பஸ் விசிட்' வேன் வந்தால் ஏறாதீர்கள், எங்கள் 85,000 ரூபாய் போய்விட்டது

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தை இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறோம் என்று வேன் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். சீட்டை அன்றைக்கே லாக் பண்ண வேண்டும் என்று 85,000 ரூபாய் வாங்கினார்கள். இன்று வரை ஒரு பைசா திரும்பி வரவில்லை. நேற்று அந்த ஆபீசில் போய்க் கேட்டால் மேசைக்குப் பின்னால் இருந்த பையன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

பெயரைப் போடவில்லை. போட்டால் முதல் கேஸ் என் மேல்தான் வரும் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி, அவர்கள் கூட்டிப் போனது பெங்களூர் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம், இது போதும். காலேஜ் பார்க்கப் போனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே போன் ஆரம்பித்துவிட்டது. என் நம்பர், மகள் பெயர், அவள் எடுத்த மார்க், எந்த குரூப் என்பது வரைக்கும் சொல்கிறார்கள். யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் "ஸ்கூல் டேட்டா மேடம்" என்கிறார்கள், எந்த ஸ்கூல் என்றால் பதில் இல்லை. மகளுக்கு கட் ஆஃப் 200க்கு 168. அவளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும், கவுன்சிலிங்கில் கிடைக்குமா கிடைக்காதா என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். இவர்கள் பிழைப்பே இந்தப் பயத்தில்தான் நடக்கிறது. ரிசல்ட் மே மாதம், கவுன்சிலிங் சூடு பிடிப்பது ஜூலையில், நடுவில் இருக்கிற அந்த இடைவெளிக்குள் பணத்தை வாங்கிவிட வேண்டும். கவுன்சிலிங் ஆரம்பித்துவிட்டால் யார் இவர்களிடம் போகப் போகிறார்கள்?

நாங்கள் போனை எடுக்காமலே இருந்தோம். அப்புறம் ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். இவளைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போனது பல்கலைக்கழகத்தின் கட்டடத்தைப் பார்த்து இல்லை, இவளை நம்பித்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். சேர் போட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். "நான் வாலாஜா பக்கம்தான்க்கா, எங்க அப்பாவும் தோல் ஷாப்லதான் இருந்தார்" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் இருக்கிறார் என்பது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு எங்களுக்கு நம்ம ஊர்ப் பிள்ளை என்றுதான் பட்டது. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாப்பா, உனக்கு பைத்தான் தெரியுமா?" என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினாள். கிளம்பும்போது, "அக்கா, நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம். சும்மா வந்து பாருங்க. புடிக்கலைன்னா திரும்பி வந்துடலாம், நானே கூட வரேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கத்தில் வேன். ஏசி வேன்தான். எங்களோடு குடியாத்தம், ஆற்காடு, பேரணாம்பட்டு என்று ஏழெட்டு குடும்பம். போகும் வழியில் ஆம்பூரில் நிறுத்தி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள், கத்திரிக்காய் தொக்கு, தயிர் பச்சடி எல்லாம் சேர்த்து. அந்தப் பிரியாணி எங்களுக்கு 85,000 ரூபாய்.

உள்ளே போனதும், பெண் பார்க்க வந்தவர்களுக்கு எந்த அறையைத் திறந்து காட்டுவது, எதைச் சாத்தி வைப்பது என்று முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்திருப்பார்களே, அந்த மாதிரிதான் இருந்தது. முன்னால் பெரிய கண்ணாடிக் கட்டடம், ஏசி ஆடிட்டோரியம், புரொஜெக்டரில் எந்தெந்த கம்பெனி வேலை கொடுக்கிறது என்று லோகோ லோகோவாக ஓடுகிறது. ரோபோ ஒன்று கையை ஆட்டிக் கும்பிடு போட்டது. ஹாஸ்டலைப் பார்க்க வேண்டும் என்றேன், "இப்ப எக்ஸாம் நடக்குது மேடம், பேரன்ட்ஸ் அலவுட் இல்லை" என்றார்கள். அரை மணி நேரம் கழித்து கேன்டீன் எங்கே, ஒரு ஸ்டூடன்டைக்கூடக் காணோமே என்று வேறு ஒருவர் கேட்டதற்கு, லீவு விட்டாச்சு என்று அதே ஆள் சொல்கிறார். லீவு என்றால் எக்ஸாம் யாருக்கு?

என் மகள்தான் கவனித்தாள். லேபில் இருந்து வெளியே வந்ததும் என் காதில், "ம்மா, அந்த மானிட்டர் மேல ஒட்டின பிளாஸ்டிக்கே இன்னும் பிரிக்கலம்மா" என்றாள். கழுத்தில் ஐடி கார்டு போட்ட ஒரு பெண் அந்தப் பக்கம் போனாள், இவள் ஓடிப்போய் "அக்கா, நீங்க எந்த இயர்?" என்று கேட்டாள். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் எங்களோடு வந்த கைடு நடுவில் புகுந்து, டைம் ஆகுது பாப்பா, சார் வெயிட் பண்றார் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

'சார்' ரூமுக்கு ஒவ்வொரு குடும்பமாகத்தான் கூப்பிட்டார்கள். சேர்த்துக் கூப்பிட்டால் ஒருவருக்கு ஒருவர் பேசிக்கொள்வோம் அல்லவா. உள்ளே மகள் பெயர் போட்டு ஆஃபர் லெட்டர் தயாராக இருக்கிறது. சிஎஸ்இ, கூடவே ஏஐ. முதல் வருஷக் கட்டணத்தில் 40 சதவீதம் ஸ்காலர்ஷிப், ஆனால் இன்றைக்கே சீட்டை லாக் பண்ணினால்தான். நாளைக்கு வந்தால் சீட்டும் இல்லை ஸ்காலர்ஷிப்பும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர், "இவதாங்க எங்க வீட்ல முதல் பட்டதாரி, தாசில்தார் ஆபீஸ் சர்டிபிகேட் இருக்கு, அதுக்கு இங்க சலுகை உண்டா?" என்று கேட்டார். "கண்டிப்பா உண்டு சார், அதையும் கழிச்சுக்கலாம்" என்றார் அந்த மனுஷன். வாய் கூசாத பொய். முதல் பட்டதாரி சலுகை தமிழ்நாட்டு அரசு ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் சேருகிறவர்களுக்குக் கொடுப்பது, அடுத்த மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் அதை எப்படிக் கழிக்கும்?

நாங்கள் இரண்டு நாள் யோசிக்கிறோம் என்றுதான் சொன்னோம். அப்போதுதான் அந்த வாலாஜாப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கவுன்சிலிங்ல நல்ல சீட் வந்துச்சுன்னா இத விட்டுடுங்க, பத்து நாள்ல பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும். ஒரு ரூபா போனாலும் என்னக் கேளுங்க, நான் எங்க போயிடப் போறேன்?" என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். என் வளையலை அடகு வைத்து எடுத்த பணம் அது, காலேஜ் திறக்கும்போது ஃபீஸ் கட்ட என்று பேங்கில் போட்டு வைத்திருந்தோம். மொத்தம் 85,000. அதில் 10,000 பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் கட்டச் சொன்னார்கள். மீதி 75,000 ஒரு கியூஆர் கோடு காட்டி அதில் போடச் சொன்னார்கள். இரண்டுக்கும் சேர்த்து சீட் கட்டணம் என்றுதான் வாயால் சொன்னார்கள். 75,000க்கு வீட்டுக்கு வந்த பிறகு வாட்ஸ்அப்பில் ரசீது வந்தது, அதில் 'கவுன்சலிங் சர்வீஸ் சார்ஜ்' என்று இருக்கிறது.

இந்த வித்தை புரிகிறதா? பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கிற யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே விதி போட்டிருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னாலேயே விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அலுவலகச் செலவு என்று 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். தேதி நெருங்கிவிட்டால் 90 சதவீதம், தேதி முடிந்து 15 நாளுக்குள் 80, ஒரு மாதத்துக்குள் 50. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கவும் கூடாது. ஆனால் இதெல்லாம் கல்லூரி வாங்கிய கட்டணத்துக்கு. கன்சல்டன்சி கணக்குக்குப் போன 75,000 கல்லூரிக் கட்டணமே இல்லை என்று ஆகிவிடுகிறது. பணத்தை இரண்டாகப் பிரித்து வாங்கியதே இதற்குத்தான்.

ஜூலையில் கவுன்சிலிங்கில் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஒரு கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) கிடைத்தது. மகளும் சரி என்றாள். உடனே அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். "சந்தோஷம்க்கா, ஒரு மெயில் போட்டுடுங்க" என்றாள். போட்டோம். பத்து நாள் ஆச்சு. சார் மீட்டிங்கில் இருக்கார். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஆள் லீவு. அப்புறம் சொன்னாள் பாருங்கள், "ஆடி மாசம்க்கா, ஆடில பணம் வெளிய போகக் கூடாதுன்னு சார் பாக்குறார், ஆவணி பொறந்ததும் முதல் பணம் உங்களுக்குத்தான்." என் பணத்தை வாங்கும்போது பஞ்சாங்கம் யாரும் பார்க்கவில்லையே! ஆவணியும் பிறந்தது. அவள் போன் ஸ்விட்ச் ஆஃப்.

பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணினால் எங்களுக்கு வந்தது 10,000 மட்டும்தான், அது அப்ளிகேஷன் ப்ராசசிங், திருப்பித் தர மாட்டோம், மீதியை உங்கள் ஏஜென்டிடம் கேளுங்கள் என்கிறார்கள். எங்களுக்கு ஏதப்பா ஏஜென்ட்? உங்கள் ரூமில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் லோகோ போட்ட லெட்டரைக் கொடுத்தார்களே! மாடி ஆபீசுக்குப் போனால் பணம் எல்லாம் யுனிவர்சிட்டிக்கு அனுப்பியாச்சு என்கிறார்கள். அந்தப் பெண் எங்கே என்றால் "அவங்க ரிசைன் பண்ணிட்டாங்க மேடம், அவங்க சொன்னதுக்கு கம்பெனி பொறுப்பு இல்லை." போர்டைக்கூட மாற்றிவிட்டார்கள், இப்போது வெளிநாட்டில் டாக்டர் படிப்பு என்று தொங்குகிறது. எங்கள் வீட்டுக்காரர் சம்பளத்தை விட்டு லீவு போட்டு அலைகிறார். அடகு வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. 85,000 ரூபாய், எங்களுக்கு அது சின்னப் பணம் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் சிஎஸ்ஆர், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாச்சு. அந்த 10,000க்கு யுஜிசியின் இ-சமாதான் என்கிற ஆன்லைன் புகார் தளத்தில் புகார் போட்டிருக்கிறோம், அது போன பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று முதல் மெயிலே வந்தது. 75,000க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி என்று வக்கீல் சொல்கிறார், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாதாம், ஆன்லைனிலேயே போடலாமாம். போடத்தான் போகிறோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இங்கே வருவதற்குள் கை நடுங்குகிறது, அவசரத்துக்கு இவ்வளவுதான். அவர்கள் வேனில் போகாதீர்கள், சொந்தச் செலவில் பஸ்ஸோ ரயிலோ பிடித்து, காலேஜ் நடக்கிற வேலை நாளில் சொல்லாமல் போங்கள். வாசல் டீக்கடையில் நின்றால் அங்கே படிக்கிற பிள்ளைகளே எல்லாம் சொல்லிவிடும். ஹாஸ்டலைக் காட்டவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். நாக் (NAAC, கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு கொடுக்கிற அமைப்பு) கிரேடு என்று போர்டில் போட்டிருந்தால் நாக் தளத்தில் பாருங்கள், என்பிஏ (NBA) என்கிற இன்னொரு அமைப்பின் அங்கீகாரம் பாடப்பிரிவு பாடப்பிரிவாகக் கொடுப்பது, மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ப்பார்கள். கல்லூரி பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள். 'இன்றைக்கே' என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை காதில் வந்து ஏதாவது சொன்னால் கேளுங்கள்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் அன்றைக்குக் கேட்டார்கள், நல்ல வேளை பள்ளியில் அப்போது தற்காலிகச் சான்றிதழ்தான் கொடுத்திருந்தார்கள்.

அந்த சனிக்கிழமை வேனில் எங்களோடு வந்த குடும்பங்கள் யாராவது இதைப் படித்தால்: வருகிற திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். காலையிலேயே வந்துவிடுங்கள். கியூஆர் கோடில் பணம் போன ஸ்க்ரீன்ஷாட்டும் அந்த ஆஃபர் லெட்டரும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், தனித்தனியாகக் கொடுத்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.