கேசட்: முப்பத்து சொச்சம் வருடம் வைத்திருந்தவனின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கும் கேசட்டுகளில், கம்பெனி போட்டு விற்றவற்றைவிட, கேட்ட பாட்டை வெற்று கேசட்டில் பதிந்து தரும் ரிக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்தவைதான் நன்றாக உழைத்திருக்கின்றன. சில மாதங்களாக எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிவருகிறேன். அந்த வேலை இன்னும் முடியவில்லை, ஆனால் இந்த அபிப்பிராயம் இனி மாறும் என்று தோன்றவில்லை.

காரணம் எளிது. சென்டருக்குப் போகும்போது வெற்று கேசட்டை நாமே தேர்ந்தெடுப்போம். டிடிகே, சோனி, மேக்ஸல் என்று கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப. அவற்றின் பிளாஸ்டிக் ஓடு திருகாணி போட்டு மூடியிருக்கும், பழுதானால் கழற்றலாம். நான் வாங்கிய கம்பெனி கேசட்டுகள் பலவற்றின் ஓடு ஒட்டியே வந்தது. உள்ளே நாடா சிக்கினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். தவிர, மொத்தமாக அதிவேகத்தில் பிரதி எடுத்தவை அவை. ஜால்ரா, சலங்கை மாதிரி கூர்மையான சத்தமெல்லாம் புதிதிலேயே மங்கித்தான் கேட்கும்.

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் நான் போன சென்டரில் சுவரெல்லாம் எல்.பி. ரிக்கார்டு அட்டைகள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சில சமயம் ஏழு. நாம் எழுதிக் கொடுத்த வரிசையில் வராது, நேரம் பார்த்து மாற்றிப் போடுவார்கள். கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் சும்மா விடமாட்டார், கைக்கு வந்த வாத்திய இசையைப் போட்டு நிரப்பிவிடுவார். அப்படித்தான் ஒரு பி சைடின் முடிவில் பெயர் தெரியாத ஒரு வயலின் வந்து சேர்ந்தது. பரபரவென்று ஏறிப் போய்க்கொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்து டக்கென்று பட்டன் எகிறும். அது இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் உள்ளது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசை மேதை பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கிய தொகுப்பு அது, வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன் என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. இப்போது முழுசாகக் கேட்க முடிகிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் காது பட்டன் சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

அப்பாவின் கேசட்டுகள் தனி ரகம். சினிமாப் பாட்டு அவருக்கு ஆகாது என்றில்லை, அதற்குக் காசு கொடுப்பதுதான் ஆகாது. சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வானொலியில் வரும் தேசிய சங்கீத நிகழ்ச்சிக்காகத் தொண்ணூறு நிமிடக் கேசட்டை எடுத்து வைத்திருப்பார். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் வாங்குவதற்கு முன்னால், ரேடியோவுக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிந்தவையும் உண்டு. அவற்றில் சீலிங் ஃபேன் ஓடும், தெருநாய் குரைக்கும். ஒரு தனி ஆவர்த்தனத்தின் நடுவில் எனக்கும் தங்கைக்குமாகச் சேர்த்து அப்பா போடும் ‘உஷ்’ மிருதங்கத்தைவிடத் துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. தங்கை அதை மட்டும் வெட்டி வாங்கி ரிங்டோனாக வைத்துக்கொண்டாள்.

ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறது. அந்தக் கச்சேரி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். ஃபேனோடு சேர்த்துத் தம்புராவையும் துடைத்துவிட்டது. ஒரே சீராக ஒலிக்கும் எதுவும் அதற்கு இரைச்சல்தான். அன்றோடு அந்தப் பக்கம் போவதில்லை.

பக்கம் மாற்றும்போது ராகம் துண்டாகிறதே என்று அப்பா நூற்றிருபது நிமிடக் கேசட்டும் வாங்கிப் பார்த்தார். அதே ஓட்டுக்குள் அறுபது நிமிடக் கேசட்டைப் போல இரண்டு மடங்கு நீளத்தை அடைக்க வேண்டும் என்பதால் நாடா அந்த அளவுக்கு மெலிசு. பெரும்பாலும் சுருண்டு போய்விட்டன. இவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இனி பராமரிப்பு. கேசட்டை ஓட்டும் பழைய டெக்கின் ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடந்தது. சென்னை ரிச்சி தெருவில் மாற்று கிடைத்தது. கேசட்டின் வாயில் செப்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தால், உதவாத கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றலாம். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததை நேராக ஓடவிடாதீர்கள், முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றிவிட்டு அப்புறம் போடுங்கள். ஒலி மந்தமாக இருந்தால், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கவாட்டுத் திருகாணியைத் துளித் துளியாகத் திருப்பி, ஒலி எங்கே தெளிகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பதிந்த மெஷினின் ஹெட் சாய்வு ஒவ்வொரு கேசட்டுக்கும் வேறு என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது, அலுப்புதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 1 ஜிபி பிடிக்கும்.

என்னை ஆச்சரியப்படுத்தியது சி.டி.தான். கேசட்டின் காலம் முடிந்தது என்று நம்பி நூற்றுக்கணக்கான எம்பி3 பாட்டுகளை எரித்து வைத்த தட்டுகளில் பாதி இப்போது திறக்கவே இல்லை. கேசட் கெட்டால் மங்கலாகவாவது பாடும். இவை மொத்தமாக வாயை மூடிக்கொள்கின்றன.

கதை வசனக் கேசட்டுகளும் கொஞ்சம் இருக்கின்றன. 1984-இல் வந்த ‘விதி’ படத்தின் நீதிமன்றக் காட்சி கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் முழங்கியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, படம் பார்க்காமலேயே வசனம் மனப்பாடமாக இருக்கும். இன்று தொடர்ந்து கேட்கப் பொறுமையில்லை. ஒருமுறை ஓட்டி, ஏற்றிவிட்டு, மூடிவிட்டேன்.

ஸ்ட்ரீமிங்கைக் குறை சொல்ல மாட்டேன், சமையலறையில் அதுதான் ஓடுகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. பாட்டு எழுதியவர் யார் என்று பார்க்கக் கேசட்டின் உள்ளட்டையைத்தான் இன்னமும் எடுக்க வேண்டியிருக்கிறது. செயலியில் அந்தப் பெயர் பல பாட்டுகளுக்கு இல்லை.

இப்போது கேசட் பிளேயர் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பாட்டுக்காக என்றால் வேண்டாம். புதிதாக விற்கும் மலிவான யு.எஸ்.பி. பிளேயர்களில் நான் முயன்றதில் சுருதி அலைபாய்ந்தது. பழைய டெக் ஒன்றைப் பெல்ட் மாற்றி ஓட்டுவது மேல். வீட்டு மனிதர்கள் பேசியோ பாடியோ பதிந்த கேசட் ஒன்றாவது இருந்தால் மட்டும் செலவழியுங்கள். அதையும் மற்றவற்றுக்கு முன்னால் ஏற்றிவிடுங்கள்.