செயற்கைப் புல்: கத்தரியா கட்டரா, டேப்பா பசையா?

செயற்கைப் புல்லை வெட்டுவதென்றால் கை முதலில் கத்தரிக்கோலைத்தான் தேடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கட்டைவிரல் கன்றிப்போனதுதான் மிச்சம். ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. மேல்பக்கமாக வெட்டும்போது இழைகளும் சேர்ந்து அறுபடும், அங்கேதான் சிக்கல்.

கட்டர் கத்தி வேறு ரகம். விரிப்பைக் குப்புறப் போட்டால் முதுகில் தையல் வரிசைகள் ஓடுவது தெரியும். இரண்டு வரிசைக்கு நடுவே அலகை இழுத்தால் அடித்துணி மட்டும் அறும், இழைகள் முழுசாக நிற்கும். ஆனால் அலகு சீக்கிரம் மழுங்கும். இழுக்கும்போது துணி சுருண்டால் முனையை உடைத்துப் புது அலகுக்கு மாறிவிடுங்கள். குழாய், தூண் போன்ற வளைவுகளைச் சுற்றிக் கடைசியாகச் சீர்செய்ய மட்டும் கத்தரி போதும். எதில் வெட்டினாலும் முதலில் சில சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். குறைத்து வெட்டியதை ஒட்டுப்போட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

அப்புறம் இணைப்பு. இங்கேதான் வேலை நன்றாக வந்ததா இல்லையா என்பது தெரியும். தானாக ஒட்டும் டேப் வசதியானது: தாளை உரித்து, இரண்டு ஓரத்தையும் அதன்மேல் படியவைத்து அழுத்தினால் முடிந்தது. ஆனால் தூசியோ ஈரமோ இருந்தால் பிடிக்காது. பால்கனி மாதிரி ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு இது போதும். வெயிலும் மழையும் படும் முற்றத்துக்கு, குழந்தைகள் ஓடும் இடத்துக்கு, இரண்டு ஓரத்துக்கும் அடியில் விரிக்கும் இணைப்புத் துணியில் பாலியூரித்தேன் பசை தடவி ஒட்டுவதுதான் என் தேர்வு. கையெல்லாம் பிசுபிசுக்கும், காயும்வரை யாரும் மிதிக்கக்கூடாது, பிற்பாடு பிரிப்பதும் பெரும்பாடு. இருந்தாலும் ஓரம் தூக்காது.

இரண்டிலும் ஓரங்களை முட்டவைக்காமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். முட்டினால் இணைப்பு மேடாகத் தெரியும். பசை இழையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு அது விடவே விடாது.

மண்தரை என்றால் ஓரங்களுக்கு ஆணி போதும். சிமென்ட் தரையில் முழுக்கப் பசை பூசுவது எனக்குப் பிடிக்காது, கழற்றும் நாளில் தரையும் பெயர்ந்து வரலாம். ஓரத்தில் மட்டும் இருபக்க டேப் ஒட்டினால் சரி.

ஒட்டுவதற்கு முன் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இழை எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு திரும்பியிருந்தால் ஒரே சுருளில் வெட்டிய புல்லே இரண்டு பச்சையாகத் தெரியும்.