மாத்திரையா, பேச்சா, நடையா, கெட்டமினா: மலைநாட்டில் எது சரிவரும்?

மனச்சோர்வுக்கு எந்தச் சிகிச்சை மேல் என்று கேட்டால் இப்போது நாலு கட்சி இருக்கிறது. மாத்திரைக் கட்சி, பேச்சுக் கட்சி, நட-ஓடு கட்சி, கடைசியாக வந்து சேர்ந்த கெட்டமின் (பழைய மயக்க மருந்து) கட்சி. ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள். சரி, பிடிக்கட்டும். ஆனால் கொழும்பில் இருக்கிறவரின் கணக்கு வேறு, இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிவிசனில் காலைப் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதிய) நிற்கிறவளின் கணக்கு வேறு. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை, பஸ் காசு தனி, பிள்ளையை யார் பார்ப்பது என்பது இன்னொரு தலையிடி. அதனால் நான் இரண்டே கேள்விகளை வைத்துத்தான் இவற்றைப் பார்க்கிறேன். வேலை செய்கிறதா? இங்கே ஆறு மாதம் விடாமல் தொடர முடியுமா? இரண்டாவதுதான் எனக்குப் பெரியது.

முதலில் மாத்திரை. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு 522 பரிசோதனைகளை, 1,16,477 பேரை, 21 மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தது. எல்லா மருந்துகளும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை வென்றன. ஆனால் சராசரியில் பார்த்தால் அந்த வெற்றி சின்னது, அதைச் சொல்லாமல் "விவாதம் முடிந்தது" என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டது அநியாயம். அமெரிக்காவில் சுமார் 4,000 பேரை வைத்து நடந்த ஸ்டார்-டி ஆய்வில் முதல் மருந்திலேயே முழுசாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அப்படியென்றால் மற்றவர்கள் திரும்ப வரவேண்டும், அளவை மாற்ற வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும். நம் ஊரில் ஆட்கள் விட்டுப்போவது அந்த இரண்டாவது, மூன்றாவது வருகையில்தான்.

2022இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோஆனா மொன்கிரீஃப் குழுவினர், மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் குறைவதுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு நிலையான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். உடனே "மாத்திரையே பொய்" என்று வட்சப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு மருந்து ஏன் வேலை செய்கிறது என்று சொல்லிவந்த விளக்கம் பிழையாகிப்போகலாம், அதனால் மருந்தும் பிழை என்று ஆகாது. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

மாத்திரையின் பெரிய பலம் என்ன தெரியுமா, அதற்கு பாஷை தேவையில்லை. ஃப்ளூஒக்ஸெட்டீனோ செர்ட்ராலினோ அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கிறது, எழுதுகிற டொக்டருக்குத் தமிழ் வராவிட்டாலும் மாத்திரை தன் வேலையைச் செய்யும். பலவீனமும் அங்கேதான். 2022இல் நாடே மருந்துத் தட்டுப்பாட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. கையிருப்பு முடிந்தால் மாத்திரை சட்டென்று நிற்கும், சட்டென்று நின்றால் சிலருக்குத் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு. 2024இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, நிறுத்தும்போது மருந்தாலேயே வருகிற தொந்தரவு ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு. பயப்படுகிற அளவுக்கு இல்லை, ஆனால் சொல்லாமல் விடுகிற விஷயமும் இல்லை. இங்கே அதைச் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு.

பேச்சுச் சிகிச்சைக்கு வருவோம். கடதாசியில் இதுதான் ஜெயிக்கிறது. நெதர்லாந்து உளவியலாளர் பிம் குய்பர்ஸ் குழுவின் ஆய்வுகளைப் பார்த்தால், குறுகிய காலத்தில் மாத்திரையும் பேச்சும் ஏறக்குறைய சமம், இரண்டும் சேர்ந்தால் தனித்தனியை விட மேல், நிறுத்திய பிறகும் பலன் நிற்பது பேச்சில்தான் அதிகம். நல்லது. ஆனால் யார் பேசுவது, எந்தப் பாஷையில்? டொக்டர் சிங்களத்தில் கேட்க, வார்டில் இருக்கிற யாரோ ஒருவரோ பள்ளிக்கூடம் போகிற மகளோ மொழிபெயர்க்க, புருசன் கசிப்பு குடித்துவிட்டு வந்து அடிப்பதை அந்த மகளின் வாய்வழியாக ஒரு தாய் சொல்வாளா? "தலைப்பாரம், நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் அதற்கு பெனடோலும் விட்டமினும் கிடைக்கும். குறி சொல்கிற கோடாங்கியிடம் போகிறார்கள் என்று சிரிக்கிறவர்களுக்கு ஒன்று: அவர் குறைந்தபட்சம் உட்கார வைத்து, தமிழில், முழுக் கதையையும் கேட்கிறார்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆய்வுகள் வருகின்றன. கோவாவில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறிலிருந்து எட்டுத் தடவை பேசவைத்தார்கள். பேச்சு என்றால் சிறுவயதுக் கதையைக் கிண்டுவது இல்லை, விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பத் தொடங்க வைப்பது. 2017இல் வந்த முடிவில் மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39. சிம்பாப்வேயின் ஹராரேயில் டிக்சன் சிபண்டா கிளினிக் வாசலில் வாங்கு (பெஞ்சு) போட்டு ஊர்ப் பாட்டிமாரை உட்காரவைத்ததும் இதே வழி, அதன் பரிசோதனை முடிவும் 2016இல் நன்றாகவே வந்தது.

வாங்கை அப்படியே தூக்கிவந்து லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) முன்னால் போடலாமா? எனக்குச் சந்தேகம். மேட்டு லயத்தில் பேசியது பணிய லயத்துக்கு அரை மணியில் போய்ச் சேரும் ஊர் இது. பாட்டி என்றால் அவள் உங்கள் மாமியாருக்குச் சின்னம்மாவாக இருப்பாள். எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது பாகிஸ்தானின் வழி. அங்கே ஏற்கனவே வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள், கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்க்கப் போகிற அதே வருகையில் இந்தப் பேச்சும் நடந்தது. 2008இல் வந்த முடிவு: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது மனச்சோர்வு இருந்த தாய்மார் 23 சதவீதம், பயிற்சி இல்லாத ஊழியர் போன இடங்களில் 53. நம் தோட்டங்களுக்கும் மிட்வைஃப் மிஸ் வருகிறார்தானே? அவர் வீட்டுக்குள் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. அவர் தமிழ் பேசுகிறவராகவும், ஏற்கனவே தலைக்கு மேல் வேலை இல்லாதவராகவும் இருக்க வேண்டும், அது அரசாங்கம் பார்க்க வேண்டிய கணக்கு.

உடற்பயிற்சி. 2024இல் பிஎம்ஜே இதழில் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நடை, மெல்லோட்டம், யோகா, எடை தூக்குவது எல்லாமே மனச்சோர்வைக் குறைத்தன. பல ஆய்வுகளின் தரம் சுமார்தான், இருந்தாலும் முடிவு நம்பக்கூடிய திசையில்தான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் கொழுந்துப் பையோடு சரிவில் ஏறி இறங்குகிறவளிடம் "தினமும் அரை மணி நேரம் நடவுங்கள்" என்று சொல்லும் டொக்டரை என்ன செய்வது! ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்கிற அசைவோடு வரும் மனநலப் பலன், வேலையில் கட்டாயமாகச் செய்கிற அசைவில் வருவதில்லை என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. இந்த வழி கிளாக்கர் ஐயாவுக்கும், ஹட்டன் டவுனில் கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும், ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டு வீட்டில் கிடக்கும் பையனுக்கும் பொருந்தும். அந்தப் பையனைக் கிரவுண்டுக்கு இழுத்துப்போவது நிஜமாகவே சிகிச்சைதான்.

கெட்டமினை எதோடு ஒப்பிட வேண்டும் என்றால் கரண்ட் சிகிச்சையோடுதான் (தலைக்கு மின்சாரம் கொடுக்கும் ஈசிடி), இரண்டும் மற்ற மருந்துகளால் பலன் கிடைக்காதவர்களுக்கு. 2023இல் வந்த அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில் மூன்று வார முடிவில் கெட்டமின் எடுத்தவர்களில் 55 சதவீதம் பேருக்கும், கரண்ட் எடுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். ஞாபகக் குறைவும் கெட்டமினில் குறைவு. ஆனால் அதில் சித்தப்பிரமை உள்ள நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை, கரண்ட் மிக நன்றாக வேலை செய்வது அவர்களுக்குத்தான். மூக்கில் அடிக்கிற எஸ்கெட்டமினுக்கு அமெரிக்காவில் 2019இல் அனுமதி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் எடுத்தபின் இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், தொடக்கத்தில் வாரம் இரண்டு தடவை. விலையை விடுங்கள், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால்?

கரண்ட் என்றதும் நம் ஆட்களுக்கு அங்கொடை மனநல வைத்தியசாலைதான் ஞாபகம் வரும், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இப்போது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்கிறார்கள். சாப்பாட்டையும் தண்ணியையும் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக் கிடக்கும் ஆளுக்கு, பழைய கரண்ட் சிகிச்சையைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மற்றவர்களுக்கு என் தெரிவு இப்படி. பிள்ளை பெற்ற தாய்க்கு, சோர்வு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால், முதலில் பேச்சு. வேலைக்கே போகமுடியாத அளவு விழுந்தவருக்கு மாத்திரையும் பேச்சும், பேச்சு கிடைக்காவிட்டால் மாத்திரையாவது இன்றே. உயிரை விடுகிற பேச்சு வந்தால் எந்த ஒப்பீடும் வேண்டாம், தனியாக விடாமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுங்கள்.

மாத்திரை தொடங்குகிறவர்கள் கேட்க வேண்டியது மூன்று. எத்தனை வாரத்தில் தெரியும் (பெரும்பாலும் இரண்டிலிருந்து நாலு), தேறிய பிறகு எத்தனை மாதம் (வழக்கமாகக் குறைந்தது ஆறு), எப்படிக் குறைத்து நிறுத்துவது. பதிலைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கையில் ஒரு வாரத்து மாத்திரை இருக்கும்போதே அடுத்ததுக்குப் போங்கள், வைத்தியசாலையில் இல்லையென்றால் வெளியே பாமசியில் எடுக்க மருந்துத் துண்டு கேட்டு வாங்குங்கள்.