மேடையா, ஒப்பந்தமா, நேரலையா, படச்சுருளா: 1950களின் நியூயார்க் நடிகை முன் இருந்த நான்கு வழிகள்

1950ஆம் ஆண்டுவாக்கில் நியூயார்க்கில் நடிப்பைத் தொழிலாக்கிக்கொள்ள முனைந்த ஓர் இளம்பெண்ணுக்கு மூன்று வழிகள் திறந்திருந்தன. பிராட்வே நாடக மேடை ஒன்று. ஹாலிவுட் ஸ்டுடியோவுடன் பல ஆண்டு ஒப்பந்தம் இன்னொன்று. அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த தொலைக்காட்சியின் நேரலை நாடகங்கள் மூன்றாவது. விரைவிலேயே நான்காவதாகப் படச்சுருளில் எடுக்கப்படும் தொலைக்காட்சித் தொடரும் சேர்ந்துகொண்டது. நேரலையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எழுத்தாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் அது பொற்காலம்தான். நடிகையின் பக்கம் நின்று வரவுசெலவு பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது: தொழில் கற்பதற்கும் பலவகை வேடங்கள் கிடைப்பதற்கும் நேரலையைவிடச் சிறந்த இடம் அன்று இல்லை, ஆனால் அங்கே ஈட்டியவற்றில் மிகக் குறைவே அவர் கையில் தங்கியது.

வேலை எப்படி நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். என்பிசி தொலைக்காட்சி வலையமைப்பின் ஃபில்கோ, குட்இயர் நாடக வரிசைகள், அதன் போட்டி வலையமைப்பான சிபிஎஸ்ஸின் ஸ்டுடியோ ஒன், 1947இலேயே தொடங்கிவிட்ட கிராஃப்ட் நாடக வரிசை ஆகியவை வாரத்துக்கொரு புதிய நாடகத்தை ஒளிபரப்பின. வாடகைக் கூடங்களின் தரையில் சுவர், கதவு, மேசை இருக்கும் இடங்களைப் பட்டையொட்டிக் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ ஒன்றரை வாரம் ஒத்திகை நடக்கும். கேமராவோடு ஒத்திகை பார்ப்பது கடைசி நேரத்தில்தான். பிறகு ஒரு மணி நேரம், விளம்பரங்கள் போக ஐம்பது நிமிடங்களுக்குச் சற்று மேல், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில். அடுத்த காட்சியில் வேறு ஆடை வேண்டுமென்றால் அதை முதல் ஆடைக்கு உள்ளேயே அணிந்துகொண்டு, கொதிக்கும் விளக்குகளின் கீழே முதல் காட்சியை முடித்துவிட்டு, கேமரா ஒரு கடிகாரத்தையோ எதிரே நிற்கும் நடிகரின் முகத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும் சில விநாடிகளில் தரையில் கிடக்கும் கேபிள்களைத் தாண்டி ஓடி, மேலாடையைக் கழற்றிவிட்டு, மூச்சு வாங்குவது தெரியாமல் அடுத்த அறையின் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வசனம் மறந்துபோனால் எதிரே நிற்பவர்தான் காப்பாற்ற வேண்டும். வெட்டி ஒட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

மேடைக்கும் இதே தொடர்ச்சி உண்டு என்று சொல்லலாம். ஆனால் மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேச வேண்டும். நேரலையில் க்ளோசப் வந்துவிடுவதால் இமை அசைவுக்குக்கூடக் கணக்கு உண்டு. ஆக, மேடையின் விடாத ஓட்டமும் சினிமாவின் அண்மையும் ஒரே நேரத்தில் தேவைப்பட்ட தொழில் அது. இரண்டில் ஒன்றை மட்டும் பழகியவர்கள் அங்கே திணறியதில் வியப்பில்லை.

பார்வையாளர் எண்ணிக்கையில் மேடை போட்டியே போட முடியாது. ஹார்ட்டன் ஃபூட் எழுதிய 'தி டிரிப் டு பவுண்டிஃபுல்' 1953 மார்ச் 1 அன்று என்பிசியில் நேரலையாக வந்தது; லில்லியன் கிஷ்ஷும் ஈவா மேரி செயின்ட்டும் நடித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் இருவரும் அதே வேடங்களில் பிராட்வே மேடையேறினார்கள். அங்கே 39 காட்சிகளோடு நாடகம் முடிந்தது. அந்த 39 இரவுகளிலும் அரங்குக்கு வந்த எல்லாரையும் கூட்டினாலும் மார்ச் மாதத்து ஒற்றை இரவின் பார்வையாளர்களில் ஒரு சிறு பங்குக்குத்தான் வரும். இருந்தும் நாடக விமர்சகர்களின் கண்ணில் நடிகையாக நிலைபெற மேடைதான் வேண்டியிருந்தது. மறுஆண்டு எலியா கசானின் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' படத்தில் செயின்ட் அறிமுகமாகி, துணை நடிகைக்கான ஆஸ்கரையும் பெற்றார். என்பிசியின் கட்டடத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் பணியாளராகத் தொடங்கி, சிறு வேடங்கள், 'ஒன் மேன்ஸ் ஃபேமிலி' தொடர், நேரலை நாடகம், மேடை என்று படிப்படியாக வந்தவர் அவர். நான்கு வழிகளில் இரண்டைக் கலந்து நடந்தவர் என்பதே அவருடைய வெற்றிக்குப் பாதிக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டுடியோ ஒப்பந்தத்துக்கு வருவோம். மாதச் செலவுக்குக் கவலை இல்லாத வழி அது; ஆனால் எந்தப் படம், எந்த வேடம் என்பதைத் தீர்மானிப்பவர் நடிகை அல்ல. கிரேஸ் கெல்லி நியூயார்க்கில் டஜன் கணக்கான நேரலை நாடகங்களில் நடித்த பிறகே 1952இல் எம்ஜிஎம் ஸ்டுடியோவுடன் ஏழு ஆண்டு ஒப்பந்தம் செய்தார். வாரத்துக்கு 850 டாலர். ஒரு நட்சத்திரத்துக்கு அது குறைவான தொகைதான். பதிலுக்கு, ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு மேடையில் நடிக்க விடுப்பும், நியூயார்க்கிலேயே வாழும் உரிமையும் கேட்டு வாங்கினார். கையில் வேறு தொழில் இருந்தவரால்தான் அப்படிப் பேரம் பேச முடிந்தது.

மறுபக்கம் பைபர் லாரி. 17 வயதில் யுனிவர்சல் ஸ்டுடியோ அவரை ஒப்பந்தம் செய்தது. அழகுப் பதுமை வேடங்களே தொடர்ந்து வந்தன. அவர் பூவிதழ்களை உண்கிறார் என்றுகூட ஸ்டுடியோவின் விளம்பரப் பிரிவு செய்தி பரப்பியது. ஒப்பந்தத்தை உதறிவிட்டு அவர் போன இடம் நியூயார்க்கும் நேரலை நாடகமும்தான். வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ற வேடம் அங்கேதான் கிடைத்தது.

இவ்வளவையும் நேரலையின் வரவுப் பக்கத்தில் எழுதிய பிறகு செலவுப் பக்கத்துக்கு வந்தால், முதலில் கண்ணில் படுவது வேடம் கைமாறிய கதை. 1953 மே 24 அன்று ஒளிபரப்பான, எழுத்தாளர் பேடி சேயெஃப்ஸ்கியின் 'மார்ட்டி' நாடகத்தில், அழகில்லாதவள் என்று ஒதுக்கப்படும் பள்ளி ஆசிரியை கிளாராவாக நான்சி மார்ச்சண்ட் நடித்தார். மார்ட்டியாக ராட் ஸ்டைகர். 1955இல் அது திரைப்படமாகிச் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் உட்பட நான்கு விருதுகளை வென்றபோது ஸ்டைகரும் இல்லை, மார்ச்சண்டும் இல்லை. எர்னஸ்ட் போர்க்னைனும் பெட்ஸி பிளேரும் நடித்திருந்தார்கள். சேயெஃப்ஸ்கியின் 'மிடில் ஆஃப் தி நைட்' இன்னும் தெளிவான சான்று. நாயகி வேடம் 1954இல் நேரலையில் ஈவா மேரி செயின்ட்டிடம் இருந்தது, 1956இல் பிராட்வேயில் ஜீனா ரோலண்ட்ஸிடம் போனது, 1959இல் திரையில் கிம் நோவாக்கிடம் சேர்ந்தது. நாடகத்தின் உரிமை எழுத்தாளரிடம் இருந்ததால் அவர் ஒவ்வொரு முறையும் பயனடைந்தார். இயக்குநர் டெல்பர்ட் மன் இந்த இரண்டு நாடகங்களிலும் தொலைக்காட்சியிலிருந்து திரைக்குத் தன் இடத்தோடு வந்தார். வேடத்துக்கு முதலில் உயிர் கொடுத்த பெண்ணுக்குக் கிடைத்தது அந்த ஓர் இரவுக்கான ஊதியம்தான்.

இதற்கு நேர் எதிராக நிற்கிறார் லூசில் பால். 1951இல் அவருக்கு 40 வயது. 1930களிலிருந்து படங்களில் இருந்தும் முதல்தர நட்சத்திரம் ஆகாதவர். 'ஐ லவ் லூசி' தொடர் நியூயார்க்கிலிருந்து நேரலையாக வர வேண்டும் என்றே சிபிஎஸ்ஸும் சிகரெட் நிறுவனமான விளம்பரதாரரும் விரும்பினார்கள். லாஸ் ஏஞ்சலீஸை விட்டு நகர அவரும் கணவர் டெசி ஆர்னாஸும் மறுத்தார்கள். பார்வையாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, மூன்று கேமராக்களைக் கொண்டு 35 மி.மீ. படச்சுருளில் எடுப்பது என்று முடிவானது. அதனால் கூடிய செலவுக்கு ஈடாகத் தங்கள் ஊதியத்தைக் குறைத்துக்கொண்ட இருவரும் படச்சுருளின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் படச்சுருள்தான் மறுஒளிபரப்பு என்ற வருமானத்தை உருவாக்கியது. 1957இல் அவர்களுடைய டெசிலு நிறுவனம், ஒருகாலத்தில் பால் சம்பளத்துக்கு நடித்த ஆர்கேஓ ஸ்டுடியோவையே விலைக்கு வாங்கியது. பல்வகை நடிப்பு என்று பார்த்தால் ஆறு பருவங்கள் ஒரே பாத்திரத்தில் இருந்தவரை நேரலை நடிகையோடு ஒப்பிட முடியாது. பணமும் நிலைபேறும் அளவுகோல் என்றால் ஒப்பீடே தேவையில்லை.

நேரலைக்கு எஜமானர் விளம்பரதாரர் என்பதையும் மறக்கக் கூடாது. நிகழ்ச்சிகளின் பெயரிலேயே டயரும் (குட்இயர்) பாலாடைக்கட்டியும் (கிராஃப்ட்) இருந்தன. 1950 ஆகஸ்டில் 'தி ஆல்ட்ரிச் ஃபேமிலி' தொடரில் தாய் வேடத்துக்குத் தேர்வான ஜீன் மியூர், கம்யூனிஸ்ட் சார்புள்ளவர்கள் என்று குற்றம் சாட்டிய 'ரெட் சேனல்ஸ்' பட்டியலில் பெயர் இருந்ததாலும், சிலர் தொலைபேசியில் எதிர்ப்புத் தெரிவித்ததாலும், முதல் ஒளிபரப்புக்கு முன்பே நீக்கப்பட்டார். பிராட்வேயில் இந்தத் தடைப்பட்டியலின் பிடி தளர்வாக இருந்தது. ஹாலிவுட்டில் இறுக்கம்தான், ஆனால் செல்வாக்கு உள்ளவர்கள் துணை இருந்தால் வழி பிறந்தது. 'மார்ட்டி' பட வாய்ப்பு பெட்ஸி பிளேருக்குக் கிடைத்ததே, அவருடைய கணவர் ஜீன் கெல்லி எம்ஜிஎம்மை நெருக்கியதால்தான். (அதே விளம்பர உலகம் சிலரை வாழவும் வைத்தது: திரைப்பட நடிகையாக ஓய்ந்துபோன பெட்டி ஃபர்னஸ், ஸ்டுடியோ ஒன்னின் இடைவேளைகளில் வெஸ்டிங்ஹவுஸ் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து மூடியே அந்த நாடகங்களின் நாயகியர் பலரைவிடப் புகழ் பெற்றார்.)

அடுத்தது பதிவு. நேரலையைத் தொலைக்காட்சித் திரைக்கு எதிரே ஒரு படக்கருவியை வைத்து எடுத்த மங்கலான கினெஸ்கோப் பிரதிதான் எஞ்சியது, அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. 1956இல் மூடப்பட்ட டுமான்ட் தொலைக்காட்சி வலையமைப்பின் பிரதிகள் 1970களில் நியூயார்க் துறைமுக நீரில் கொட்டப்பட்டன என்று நடிகை எடி ஆடம்ஸ் 1996இல் சாட்சியம் அளித்தார். 'மார்ட்டி' போன்ற சில மட்டும் தப்பிப் பிழைத்து, 1981இல் மறுஒளிபரப்புக் கண்டன. மேடை நடிகைக்கும் பதிவு மிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் மேடைக்கு விமர்சனம் எழுதிவைக்கும் மரபு இருந்தது, அடுத்த வேடத்துக்கு அந்த விமர்சனமே சான்றிதழ் ஆனது.

எனவே எந்த வழி மேல் என்பதற்கான விடை, நடிகை எந்த ஆண்டில் நுழைந்தார் என்பதைப் பொறுத்தது. 1948க்கும் 1954க்கும் இடையே, முப்பதைத் தாண்டாத வயதில் நியூயார்க்கில் இருந்தவருக்கு நேரலையே முதல் தேர்வு. செயின்ட்டைப் போலவும் கெல்லியைப் போலவும் சில ஆண்டுகளில் வெளியேறத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நாற்பதை எட்டியவருக்கு, கேட்டு வாங்கும் துணிவும் இருந்தால், லூசில் பாலின் வழி. 1956க்குப் பிறகு நுழைந்தவருக்கு நேரலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்: அந்த ஆண்டு நவம்பரில் நிகழ்ச்சியை முன்பே பதிவுசெய்ய உதவும் ஆம்பெக்ஸ் வீடியோ நாடா ஒளிபரப்புக்கு வந்துவிட்டது, 1958இல் ஸ்டுடியோ ஒன்னே ஹாலிவுட்டுக்கு இடம்பெயர்ந்தது. நேரலையின் அந்தக் கடைசிக் காலத்தில், 1958 அக்டோபரில், ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கிய 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' நாடகத்தில் குடிப்பழக்கத்தில் சிதையும் மனைவியாகப் பைபர் லாரி நடித்து, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1962இல் அது படமானபோது வேடம் லீ ரெமிக்குக்குப் போயிற்று. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே லாரி 'தி ஹஸ்லர்' படத்தில் பால் நியூமனுக்கு எதிரே நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றிருந்தார்; பூவிதழ் உண்ட பெண் என்று விற்கப்பட்ட காலத்தில் அவருக்கு எந்த ஸ்டுடியோவும் அப்படி ஒரு வேடத்தைக் கொடுத்திருக்காது.