மணற்காட்டுக் குன்றா, நீரேரி ஓரத்து நிரப்பா: நிலம் குலுங்கினால் எதற்கு அஞ்சுவது?

யாழ்ப்பாணம் தட்டை நிலம் என்பதால் மண்சரிவை மலையகத்தின் கவலையாக விட்டுவிட்டோம். ஆனால் சரிவுகள் இங்கும் உண்டு. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுப் பக்கம் மணற்குன்றுகள் நிற்கின்றன. கடல்நீரேரியை ஒட்டிய தாழ்நிலங்களில் டிப்பர் டிப்பராக மண் கொட்டி மட்டத்தை உயர்த்தி, நீர்ப்பக்கத்தைச் சரிவாக விட்டுவிடுகிறார்கள். நில அதிர்வு வந்தால் எது ஆபத்து என்று கேட்டால், பெரும்பாலானோர் குன்றைத்தான் காட்டுவார்கள். நான் நிரப்பைக் காட்டுவேன்.

இலங்கை நிலத்தட்டின் விளிம்பில் இல்லை. 2004இல் சுமாத்திரா அதிர்ந்தபோதும் இங்கே உயிர்களைக் கொண்டுபோனது கடல்தான். ஆகவே நாளைக்கே நடந்துவிடும் என்று யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம். வீடு ஒன்றை ஐம்பது ஆண்டுகளுக்கு என்று கட்டுகிறவர்கள் மட்டும் தொடர்ந்து வாசிக்கலாம்.

குன்றின் கணக்கு எளிது. அது காற்று சலித்துக் குவித்த மணல். துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு, நுண்மண் (வண்டலும் களியும்) மிகக் குறைவு, நீர்மட்டத்துக்கு மேலே உள்ளதெல்லாம் உலர்ந்தது. குலுங்கினால் முகப்பு மணல் உருளும், குன்று சற்று அமரும், சாய்வு முப்பது பாகை சொச்சத்துக்கு வந்ததும் நின்றுவிடும். சவுக்கு மரங்கள் மேல்மணலைக் காற்றிடமிருந்து காக்கும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. குன்றுக்கு உண்மையான எதிரி அடிவாரத்தில் மணல் அள்ளுகிறவர்கள். அதற்கு அதிர்வே தேவையில்லை.

நிரப்பின் கதை வேறு. தளர்வாகக் கொட்டிய மணல், மாரியில் நிலமட்டம்வரை ஏறும் நீர், இரண்டும் சேர்ந்த இடம் அது. குலுக்கும்போது துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீர் வெளியேற நேரமில்லாததால் துளைநீர் அழுத்தம், அதாவது துகளிடை நீரின் அழுத்தம், ஏறும். துகள் துகளைத் தாங்கும் பிடி அற்றுப்போகும். இதைத்தான் மண் திரவமாதல் என்கிறார்கள். சமதரையில் இது நடந்தால் கட்டடம் அமிழும் அல்லது சாயும். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிகள் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்தன. சரிவிலோ மண் ஏற்கெனவே கீழ்நோக்கி இழுபட்டுக்கொண்டிருக்கிறது. பிடி போனதும் அந்த இழுவையே அதை ஓட வைக்கும். இறுக்கமான மணல் சற்று அசைந்தபின் மீண்டும் பிடித்துக்கொள்ளும். தளர்ந்ததற்கு அந்த வாய்ப்பு இல்லை.

சாய்வு குறைவு என்பது ஆறுதலும் ஆகாது. 2018 செப்டெம்பர் 28 அன்று, இந்தோனேசியாவின் பாலு நகரில் 7.5 அளவிலான அதிர்வு வந்தபோது, பெட்டோபோ, பலாரோவா குடியிருப்புகள் சில பாகைச் சரிவிலேயே நூற்றுக்கணக்கான மீற்றர் வழுகின. கண்ணுக்குச் சரிவென்றே தெரியாத நிலம் அது.

இனி, நிரப்புக்குச் சுத்த மணலா, வண்டல் (மணலைவிட நுண்ணிய, களிபோல் ஒட்டாத மண்) கலந்த மணலா? இங்கேதான் வல்லுநர்களே முரண்படுவதுபோல் தெரியும். உண்மையில் அவர்கள் வெவ்வேறு அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரே வெற்றிட விகிதத்தில் (துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்துக்கும் துகள்களின் கனவளவுக்கும் உள்ள விகிதம்) ஒப்பிட்டால், ஓரளவுவரை வண்டல் கூடக்கூட, திரவமாவதற்கு எதிரான மணலின் எதிர்ப்பு குறைகிறது. பெரிய துகள்களின் தொடுகைக்கு நடுவே வண்டல் நுழைந்து சும்மா இடத்தை அடைக்கிறது. ஆனால் களத்தில் குழாயை அடித்து இறக்கும் ஊடுருவல் சோதனையில் ஒரே அடி எண்ணிக்கை வந்தால், வண்டல் மணலே கூடிய எதிர்ப்புள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. 1985இல் அமெரிக்க மண்பொறியியலாளர் சீட் குழுவினர் வெளியிட்ட வரைபடத்தில் நுண்மண் 5, 15, 35 விழுக்காடு என்று தனித்தனிக் கோடுகள் இருப்பது அதனால்தான். "வண்டல் கலந்தால் நல்லதாமே" என்று மண் விற்பவர் சொன்னால், எந்த அளவுகோலில் என்று கேளுங்கள்.

சரிவைப் பொறுத்தவரை என் தீர்ப்பு வண்டல் மணலுக்கு எதிரானது. காரணம், நேரம். சுத்த மணல் நீரை விரைவில் விட்டுவிடும். வண்டல் பிடித்து வைத்திருக்கும். 1971இல் கலிபோர்னியாவின் கீழ் சான் பெர்னாண்டோ அணையின் நீர்ப்பக்கச் சரிவு, குலுக்கம் ஓய்ந்து ஏறத்தாழ அரை நிமிடம் கழித்தே சரிந்தது. நீரோடு குழைத்து நிரப்பிய வண்டல் மணல் அது. கீழ்ப்புறத்தில் சுமார் 80,000 பேரை வெளியேற்றினார்கள். மணலுக்கு மேல் வண்டல் படை இருந்தால் இன்னும் மோசம்: மேலேறும் நீர் அதன் அடியில் ஏடாகத் தேங்கி வழுக்குப் பரப்பாகிவிடும். பாலுவிலும் இதுவே நடந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

களி கலந்திருந்தால் கணக்கு மாறும். ஈரமண்ணை உள்ளங்கையில் மூன்று மில்லிமீற்றர் திரியாக உருட்டிப் பாருங்கள். திரியாகாமல் உதிர்ந்தால் அது நான் சொல்லும் ஆபத்தான வண்டல். திரி வந்தாலும் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது நல்லது.

பரிகாரங்களிலும் இதே பேதம். அதிர்வூசி, அதாவது அதிரும் நீண்ட கருவி, நிலத்துள் இறக்கி மணலை இறுக்கும் முறை சுத்த மணலில் அழகாக வேலை செய்யும். நுண்மண் 15, 20 விழுக்காட்டைத் தாண்டினால் பணம் நட்டம். நீர் வெளியேற நிலத்துள் கல் நிரப்பி அமைக்கும் கல்தூண் வடிகால்களும் வண்டலில் மந்தம். நீர் தூணை வந்தடைவதற்குள் அதிர்வு முடிந்துவிடும். ஏற்கெனவே நிரப்பிவிட்டவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, சரிவின் அடியில் கல்லும் கிரவலும் போட்டு முட்டுக்கொடுத்து, மேற்சாய்வைக் குறைப்பது. அழகில்லாத வேலைதான், நீர்ப்பக்கம் கொஞ்சம் நிலமும் போகும். இன்னும் நிரப்பாதவர்களுக்குச் செலவு குறைவு: வண்டலைத் தவிர்த்து, கோடையிலேயே, முழங்கால் உயரத்துக்கும் குறைவான படைகளாகப் பரப்பி ஒவ்வொன்றையும் ரோலரால் இறுக்குங்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டும் ரோலர் ஓட்டும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.