பித்தளை, மரம், கருப்புப் பிடி: மலையேறிய மூன்று மடக்குக் கத்திகள்

மடக்குக் கத்தி எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும் அதற்கு ஒரு மூட்டு உண்டு. பெட்டியில் 'ஹெவி டியூட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் அதைப் படிப்பதில்லை. மூட்டை ஆட்டிப் பார்ப்பேன். இந்தப் பழக்கம் மூன்று தையல் போட்ட பிறகு வந்தது.

கதை இதுதான். சேலத்தில் ஒரு கடையில் கருப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர்கூட இல்லாத சரக்கு. அலகில் 'டி2' என்று எஃகு ரகத்தின் பெயர் மட்டும் பொறித்திருந்தது. பார்க்க ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததுபோல் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு, மனைவியின் தம்பி தோட்டத்துக்குப் போனேன். நாகலூர் பக்கம் காபி, மிளகு, நிழலுக்குச் சில்வர் ஓக், நடுவில் நாலைந்து பலா மரங்கள். பழுத்த பலா ஒன்றைப் பிளந்து, நடுத்தண்டில் கத்தியைக் குத்தி நெம்பினேன். கத்தி சிக்கிக்கொண்டது. இழுத்தேன், கொஞ்சம் முறுக்கினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். பூட்டு விட்டுப்போய் அலகு ஆள்காட்டி விரல் மேல் மடங்கியது.

கத்தியை மட்டும் குறை சொல்ல மாட்டேன், நெம்பியது நான். ஆனாலும் அந்தப் பூட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அது லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று பக்கவாட்டில் வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும். 1980-களில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக்காரர் செம்மைப்படுத்திய முறை, ஒரே கையில் திறந்து மூட வசதியானது. நன்றாகச் செய்தால் நல்ல பூட்டுதான். ஆனால் தகடு முழுதாக வந்து உட்கார வேண்டும். பலாப்பால் ஒட்டியிருந்தால் பாதியில் நின்றுவிடும். இறுக்கிப் பிடித்து முறுக்கும்போது நம் விரல் சதையே அதைத் தள்ளிவிடவும் கூடும்.

அடுத்து வந்தது பித்தளை. பக் 110. 1964-இல் வந்த அமெரிக்க வேட்டைக் கத்தி. பிடியின் இரு முனையிலும் பித்தளை, நடுவில் மரம். அலகு மூன்றே முக்கால் அங்குலம், எடை 200 கிராமுக்குச் சற்று மேல். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். பெல்ட்டில் தோல் உறையோடு மாட்டினால்தான் சரி. இதன் பூட்டு முதுகில் இருக்கிறது. ஒரு இரும்புத் தண்டின் பல், அலகின் அடியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் 'ளொக்'கென்று விழும். விரலை எப்படி வைத்துப் பிடித்தாலும் சாதாரணமாக அதை அவிழ்க்க முடியாது. பிடியின் முதுகில் வேண்டுமென்றே அழுத்த வேண்டும். அதே காரணத்தால் திறக்கவும் மூடவும் இரண்டு கை வேண்டும். ஒரு கையில் மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியைத் திறக்கலாம் என்று நினைத்தால், பல்லைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது மரம். ஒபினெல், எட்டாம் நம்பர். 1890-இல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய விவசாயிக் கத்தி. அலகு எட்டரை சென்டிமீட்டர், பீச் மரப் பிடி. பித்தளைக் கத்தியின் எடையில் கால்வாசிதான் வரும். கழுத்தில் இருக்கும் வளையத்தைத் திருகினால் அலகு மடங்காது. அந்த வளையம் 1955-இல் சேர்ந்தது. இவ்வளவு எளிய பூட்டை நான் வேறு கத்தியில் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் நினைவில் வேண்டும்: தானாகப் பூட்டாது. திருக மறந்தால் பூட்டே இல்லாத பேனாக்கத்திதான்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு ஸ்டீலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? சேலத்துத் துருப்பிடிக்காத எஃகு என்றால் ஊரெல்லாம் பெயர். ஆனால் எவர்சில்வர் தட்டுக்கும் டம்ளருக்கும் போடுகிற ரகத்தை வெட்டிக் கத்தி செய்தால் கூர் நிற்காது. கார்பன் மிகக் குறைவு. காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. கத்திக்குக் கார்பன் வேண்டும். என்னிடம் இருக்கும் ஒபினெல் கார்பன் எஃகு, அதில் ஏறக்குறைய 0.9 சதவீதம் கார்பன். டி2 என்றால் ஒன்றரை சதவீதம், கூடவே 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம். பக் 110-இல் இருக்கும் 420எச்சி என்ற ரகம் இரண்டையும்விடக் கார்பன் குறைந்தது, ஆனால் துருவுக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும்.

வீட்டு மாடியில் தேங்காய் நார்க் கயிறு, சொட்டுநீர்க் குழாய், சிமெண்டுச் சாக்கு என்று வரிசையாக வெட்டிப் பார்த்தேன். நார்க் கயிற்றில் மண் ஒட்டியிருக்கும், அலகின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். கடைசிவரை கூர் தாங்கியது, என் விரலை வெட்டிய அதே கருப்புப் பிடிதான். கோபம் வந்தது, என்ன செய்வது! ஆனால் அது மழுங்கிய பிறகு தீட்டுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது; சாதாரணக் கல்லுக்கு மசியவில்லை, வைரத்தூள் தகடு வாங்க வேண்டியதாயிற்று. கார்பன் கத்தியோ சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் தேய்த்தால் போதும், தக்காளித் தோலில் வைத்ததுமே இறங்கும். தெருவில் சைக்கிள் சக்கரம் சுற்றி வரும் சாணைக்காரரிடம் மூன்றில் எதையும் கொடுக்காதீர்கள். அருவாளுக்கு அவர் கை சரி. மெல்லிய அலகில் பொறி பறந்தால் சூடேறிப் பதம் போய்விடும்.

வெட்டுகிற சுகம் என்று பார்த்தால் மரப்பிடிக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் நிற்காது. அலகு மெல்லியது. தடித்த கத்தி மாம்பழத்தைப் பிளக்கும், இது வெட்டும். கார்பன் அலகு கறுப்பது மட்டும் சிலருக்குப் பிடிக்காது. பழைய இரும்பு அருவாமணையில் வாழைக்காய் நறுக்கிப் பழகியவர்களுக்கு அது புதிதில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியதும் கணக்கு மாறுகிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வரும். மரம் ஈரம் குடித்தால் உப்பும், உப்பினால் அலகைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அது மரத்தின் குணம். சவாய்க்காரர்களே பிடியின் அடியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டித்தான் அலகை வெளியே எடுப்பார்களாம். கார்பன் அலகை ஈரத்தோடு மூடி வைத்தால் மறுநாள் காலையில் செம்மண் நிறப் புள்ளிகள். பித்தளை அங்கே கவலையில்லாமல் இருக்கும். கறுத்தால் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் போயிற்று, மரப் பகுதியில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

எண்ணெய் விஷயத்தில் நானே ஏமாந்தேன். சேலத்தில் மூட்டுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, வழவழவென்று திறக்கிற கத்தியை மார்கழியில் மலைக்குக் கொண்டுபோனேன். காலையில் திறந்தால் சேற்றில் காலை எடுத்துவைப்பதுபோல் வருகிறது. எண்ணெய் உறைந்துவிட்டது! அப்புறம்தான் தையல் மிஷின் எண்ணெய்க்கு மாறினேன்.

கட்டைவிரல் மொத்தக் கிளைகளைச் சீவுவதில் மூன்றும் தேறின. அதற்கு மேல் போனபோது, தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மடங்குற கத்திய வெச்சிக்கிட்டு மரத்தோட மல்லுக்கட்டலாமா கண்ணு?" என்று கேட்டார். தன் கொடுவாளால் இரண்டே வெட்டு, கிளை கீழே கிடந்தது. கத்தி முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பதையெல்லாம் வீடியோவில் காட்டுகிறார்கள். மடக்குக் கத்தியில் அந்த அடி முழுக்க மூட்டுக்குத்தான் போகிறது. என் கத்திகளை நான் அப்படி அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள். வீட்டுக்கும் விவசாயத்துக்குமானவற்றுக்கு விலக்கு உண்டு. இவை மூன்றும் அந்த அளவில் பாதிக்குக்கூட வராது. அதற்காகத் திருவிழாக் கூட்டத்தில் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டாம். சேலம் காமலாபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையைத் துழாவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையில் ஈரத்தோடும் பலாப்பாலோடும் புழங்குகிறவருக்குப் பித்தளைதான் என்று மச்சானிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. "மாமா, ரெண்டு நாள் வெச்சிருந்து தர்றேன்" என்று வாங்கிக்கொண்டான். அது போன தை மாதம். கருப்புப் பிடி இப்போது மேசை டிராயரில், கூரியர் பெட்டி பிரிக்க. என் பாக்கெட்டில் இருப்பது மரப்பிடி. வளையத்தைத் திருகினேனா என்று தினமும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.